ஹாரன் அடிச்சேனே!

"உனக்கு ரோட்டைத் தாண்டத் தெரியுமா?" என்று 2025 பிப்ரவரிக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால், சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பின்னே? காமயகவுண்டன்பட்டிக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா சார் இது?

எங்கள் பக்கம் விடிவதற்கு முன்பே ரோடு முழித்துக்கொள்ளும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்குப் பறக்கும் ஜீப்புகள். (உள்ளே எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது. எண்ணினால் டிரைவருக்குக் கோபம் வரும். போலீஸுக்கு வேலை வரும்.) அதற்குப் பின்னால் திராட்சைக் கூடை ஏற்றிய லோடு ஆட்டோ. அதற்குப் பின்னால் எருக்குப்பை டிராக்டர். நடுவில் ஒரு ஆட்டுக்கிடை. கார்த்திகை பிறந்துவிட்டால் ஆந்திரா, கர்நாடகா என்று அத்தனை ஊர் ஐயப்பசாமிகளும் கம்பம் வழியாகத்தான் மலையேறுவார்கள். கூட்டம் தாங்காமல் போகும்போது கம்பம்மெட்டு, வரும்போது குமுளி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் கம்பம் மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உயிரோடு திரும்பியவன் நான்.

அப்பேர்ப்பட்ட என்னை, ஒரு ரோட்டு ஓரத்தில் இருபத்தைந்து நிமிஷம் சிலையாக நிற்க வைத்தார்கள்.

இடம்: சைகோன். 1976 முதல் அதன் அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். நம்ம ஆட்கள் சென்னை சென்ட்ரலை இன்னும் சென்ட்ரல் என்றே சொல்கிற மாதிரி.

* * *

எழுதிப் பிழைக்கிற எனக்கு வியட்நாம் போக ஏது காசு என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

எனக்கொரு மாப்பிள்ளை இருக்கிறான். உறவுக்காரன் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் அவனுக்கு மாப்ள, அவன் எனக்கு மாப்ள. யார் யாருக்குப் பெண் கொடுத்தோம் என்று இதுவரை தெரியவில்லை. மிளகு கமிஷன் கடை வைத்திருக்கிறான். உலகத்திலேயே அதிகமாக மிளகு விளைவிக்கிற நாடு வியட்நாம். அங்கே மழை பொய்த்தால் கட்டப்பனையில் விலை ஏறும். அங்கே நன்றாக விளைந்தால் இவனுக்கு இங்கே தூக்கம் போகும்.

"மாப்ள, நம்ம தூக்கத்தைக் கெடுக்கிறவனை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துருவோம்டா" என்றான் திடீரென்று ஒருநாள். "நீயும் வா. நீ பி.காம். இங்கிலீஷ் பேசுவ, கணக்குப் பாப்ப."

பி.காம் படித்து பதினாலு வருஷத்தில் அந்தப் படிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை. கிளம்பிவிட்டேன்.

கம்பம்மெட்டு, கட்டப்பனை, தொடுபுழை வழியாக நெடும்பாசேரி விமான நிலையம். கொச்சியிலிருந்து அந்த ஊருக்கு 2023-ல் நேர் விமானம் விட்டிருந்தார்கள். அஞ்சரை மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து நெடும்பாசேரிக்குப் போகவும் ஏறக்குறைய அவ்வளவு ஆனது!

இறங்கினதும் பணம் மாற்றினோம். நம்ம ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு 290 தோங் போலக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோடீஸ்வரன் ஆனான். ஆன சந்தோஷம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு காபி 35,000!

"என்னாது... முப்பத்தஞ்சாயிரமா? இந்தக் காசுக்கு ஊர்ல ஒரு மாடு வாங்கலாமேடா!"

"120 ரூபா மாப்ள. குடி."

"அதுவே அதிகம்டா" என்றான்.

* * *

அடுத்த நாள் காலை. ஓட்டலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை தெரிந்தது. நடுவில் ரோடு. ரோட்டில் ரோடு தெரியவில்லை.

மோட்டார் சைக்கிள். அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள். அதற்குப் பக்கத்தில் நாலு மோட்டார் சைக்கிள். பத்துக் கோடிப் பேர் உள்ள நாட்டில் ஏழு கோடிக்கும் மேலே டூ வீலர்கள் பதிவாகியிருக்கின்றன. பால்குடி மாறாத பிள்ளைகளையும் படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்களையும் கழித்துப் பார்த்தால் தலைக்கு ஒரு வண்டி என்று வருகிறது. அந்த ஏழு கோடியும் அன்று காலை எங்கள் ஓட்டல் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஒரு வண்டியில் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள். சரி, இது நமக்குப் பழக்கம். அடுத்த வண்டியில் ஒரு ஃபிரிட்ஜ். அதுவும் பரவாயில்லை. அதற்கடுத்த வண்டியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் உட்கார்ந்தவர் குறுக்கே பிடித்துக்கொண்டு போனார். அந்தக் கண்ணாடியில் என் முகம் ஒரு விநாடி தெரிந்தது. பேயறைந்த மாதிரி இருந்தது.

பெண்கள் வெயிலுக்குப் பயந்து தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு, முகமூடி, கையுறை, மேலே ஹெல்மெட் சகிதம் போகிறார்கள். கண்கள் மட்டும்தான் வெளியே. ஹெல்மெட் போடாத தலை ஒன்றுகூட இல்லை. 2007 டிசம்பர் 15-ம் தேதி சட்டம் போட்டார்கள். மறுநாள் காலையில் ஊரே ஹெல்மெட்டோடு வந்து நின்றதாம். நமக்கும்தான் சட்டம் இருக்கிறது. ஹெல்மெட்டும் இருக்கிறது. பெட்ரோல் டாங்க் மேலே பத்திரமாக இருக்கிறது.

நான் காலை வைத்தேன். எங்கள் ஊர்ப் பழக்கப்படி முதலில் வலப்பக்கம் பார்த்தேன். ஒரு வண்டிகூட வரவில்லை. 'அட, இவ்வளவுதானா' என்று அடுத்த காலை எடுத்து வைப்பதற்குள் மாப்பிள்ளை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். இடப்பக்கத்திலிருந்து ஒரு படையே வந்துகொண்டிருந்தது. அங்கே வலதுபக்கமாக ஓட்டுகிறார்கள், பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டுப் போனபடி. நமக்கு வெள்ளைக்காரன் இடது. அவர்களுக்கு வெள்ளைக்காரன் வலது. போனவர்கள் போய்விட்டார்கள். கழுத்துச் சுளுக்கு மட்டும் நமக்கு.

இடைவெளி வரும் என்று காத்திருந்தோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கம்பத்தில் எப்பேர்ப்பட்ட கூட்டத்திலும் ஒரு இடைவெளி வரும். அந்த நேரம் பார்த்து, 'முருகா' என்று ஓட வேண்டியதுதான். நம்ம டெக்னிக்கே அதுதான்: நிற்பது, பாய்வது, பாதியில் பயந்து திரும்பி ஓடுவது. இங்கே இடைவெளியே வரவில்லை. சுருளி அருவியில் தண்ணீர் நின்றதும் குளிக்கலாம் என்று சோப்போடு காத்திருக்கிறவன் கதையாகிவிட்டது.

"மாப்ள, பசிக்குதுடா" என்றான் மிளகு வியாபாரி, குழந்தை மாதிரி.

அப்போதுதான் அந்த ஆயா வந்தார்.

* * *

எழுபது வயசு இருக்கும். கூம்பு வடிவ ஓலைத்தொப்பி. கையில் ஒரு கட்டு லாட்டரிச் சீட்டு. சைகோனில் லாட்டரி விற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி வயசானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள். எங்களைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக் கடையைப் பார்த்தார். சிரித்தார். பல் இரண்டு இல்லை.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். ஆயா ரோட்டில் இறங்கிவிட்டார்.

ஓடவில்லை சார். வேகமாகக்கூட நடக்கவில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல ஒரே சீராக, ஒரே நடை. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. நான் கண்ணை மூடி, கட்டாமல் விட்ட எல்.ஐ.சி. பிரீமியத்தை நினைத்தேன். பாதி தூரத்தில் பயந்து பின்னால் நகரப் பார்த்தேன். ஆயா என் கையை இறுக்கி 'ம்ஹும்' என்றார். அந்த 'ம்ஹும்' எல்லா பாஷையிலும் ஒன்றுதான்.

கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னால் இரண்டு வண்டி, பின்னால் மூன்று வண்டி வளைந்து போயின. ஓடை நடுவில் கல் கிடந்தால் தண்ணீர் திட்டிக்கொண்டா போகிறது? அந்த மாதிரி. ஒருவரும் 'ஏய்' என்று கத்தவில்லை. 'வீட்டில் சொல்லிட்டு வந்தியா' என்று கேட்கவில்லை. ஹாரன் உண்டு. 'பீப்' என்று சின்னதாக, 'நான் இங்கே இருக்கேன்' என்று சொல்கிற மாதிரி. 'நீ அங்கே இருக்காதே' என்று சொல்கிற மாதிரி இல்லை.

கரை சேர்ந்தோம்.

நன்றிக்கு அவர்கள் பாஷையில் 'காம் அன்' என்று வரும். விமானத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். சொன்னேன். நான் சொன்ன அழகில் அது 'கமான்' என்று கேட்டதோ என்னவோ, ஆயா மறுபடியும் என் கையைப் பிடித்துத் திரும்ப ரோட்டில் இறங்கப் போனார். மாப்பிள்ளை அலறிவிட்டான்.

ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கினோம். ஒன்று 10,000 தோங். முதல் பரிசு 200 கோடி! மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. 68 லட்ச ரூபாய்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் நடுக்கம் நின்றது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்திய பிறகு, குமுளிக்கு ஏறிப்போய்க் கேரளாச் சீட்டு வாங்குகிற ஜில்லாவைச் சேர்ந்தவர்கள் நாங்கள். சீட்டு வாங்காமல் எல்லை தாண்டித் திரும்பினால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளும்.

* * *

அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. எப்படி இது நடக்கிறது?

ஓட்டல் வரவேற்பறையில் இருந்த பையன் அழகாக இங்கிலீஷ் பேசினான். அவன் சொன்ன பாடம் இது: மெதுவாக நட. நடையை மாற்றாதே. நிற்காதே, ஓடாதே, பின்வாங்காதே. நீ அடுத்த விநாடி எங்கே இருப்பாய் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். ஆனால் பஸ்ஸும் காரும் வந்தால் நீ நின்றுவிடு. அவற்றால் வளைந்து போக முடியாது.

இன்னொரு விஷயம் நானாகக் கவனித்தது. வேகம். தூரத்திலிருந்து பார்த்தால் பறக்கிற மாதிரி இருக்கிறதே தவிர, கூட்டத்தில் ஒரு வண்டியும் இருபது, இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை. இருபதில் போகிறவனுக்கு உங்கள் முகத்தைப் பார்க்க நேரம் இருக்கிறது. அறுபதில் போகிறவனுக்கு நீங்கள் முகமே இல்லை, ஒரு தடங்கல். வேகம் இரண்டு மடங்கானால் இடியின் பலம் நாலு மடங்காகும். இது பத்தாம் வகுப்பு பௌதிகம். ஜனங்களும் வண்டிகளும் கலந்து போகிற தெருக்களில் முப்பதுக்கு மேல் வேண்டாம் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடிப் பேசித் தீர்மானம் போட்டன. லாட்டரி ஆயா எந்த மாநாட்டுக்கும் போனதில்லை.

உடனே 'வியட்நாம் சொர்க்கம்' என்று நான் எழுதிவிடுவேன் என்று பயப்படாதீர்கள். அங்கேயும் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். நெரிசல் நேரத்தில் பிளாட்பாரத்தில் பைக் ஏற்றுகிற புண்ணியவான்கள் அங்கேயும் உண்டு. அதற்குத்தான் 2025 ஜனவரி 1 முதல் அரசாங்கம் அபராதத்தைத் தூக்கி வைத்தது. சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் பிளாட்பாரத்தில் ஏறினாலும் டூ வீலருக்கு 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் தோங் வரை. நம்ம காசில் கிட்டத்தட்ட 14,000-த்திலிருந்து 20,000 ரூபாய்! சிக்னல் தாண்டினால் அதற்கு முன்னால் 10 லட்சம் தோங்குக்குள்தான் இருந்தது. ஒரு மாசச் சம்பளத்தில் பாதியை ஒரு சிவப்பு விளக்கு சாப்பிட்டுவிடும் என்றால், எந்த வீரனுக்கும் பிரேக் பிடிக்கும். நாங்கள் போனபோது, கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி.

இன்னொரு கூத்தும் உண்டு. விதி மீறினவனைப் பற்றித் துப்புக் கொடுத்தால், அபராதத்தில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 50 லட்சம் தோங், துப்புக் கொடுத்தவருக்கே தரலாம் என்றும் விதி செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கண் விரிந்தது. "மாப்ள, இந்த விதி கம்பத்துல வந்தா மிளகுக் கடையை மூடிட்டு சிக்னல்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துருவேன்டா!"

கம்பத்தில் முதல் ஆளாக அவனையே நான் பிடித்துக் கொடுப்பேன் என்று அவனுக்குத் தெரியாது.

* * *

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். சைகோனில் மாரியம்மன் கோயில்! பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், துருவோங் தின் தெருவில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்கும், செட்டிநாட்டிலிருந்து வட்டிக்கடை வைக்கவும் போன தமிழர்கள் விட்டுவந்த சொத்து. இப்போது கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள்தான். ஊதுபத்தி ஏற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள், கல்சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு முணுமுணுவென்று ஆத்தாளிடம் என்னவோ சொல்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கிற பெயருக்கு 'இந்திய அம்மன் கோயில்' என்று பொருள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். நானும் வைத்தேன். ஊருக்கு வந்தால் ஊர் வழக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமே? மனைவி கொடுத்த வேண்டுதல் பட்டியல் பையில் இருந்தது. ஆனால் வாயில் அது வரவில்லை.

வேறொன்று வந்தது.

அக்கவுண்டன்சி படித்தவர்களுக்குத் தெரியும். கணக்கு டாலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் தற்காலிகமாகப் போட்டு வைப்போம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்கு அப்படி ஒரு கணக்கு பதினாலு வருஷமாகக் கிடக்கிறது.

பி.காம் கடைசி வருஷம். அப்பாவை அரித்தெடுத்து வாங்கிய புது பைக். ஊருக்கு வெளியே, திராட்சைப் பந்தல் பக்கத்தில் ஒரு வளைவு. சாயங்காலம். ஒரு தாத்தா, தலையில் புல்லுக்கட்டோடு, ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். இதுதான் விஷயம்: நான் பார்த்தேன். நல்ல தூரத்தில் பார்த்தேன். பிரேக் பிடிக்கவில்லை. ஹாரன் அடித்தேன். நீளமாக அடித்தேன். அவர் நகர்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவருக்குக் காது கேட்காது.

புல்லுக்கட்டு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. தாத்தாவுக்கு இடது கால் முறிந்துவிட்டது. ஓடி வந்தவர்களிடம் நான் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ஹாரன் அடிச்சேனே!" அவருக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. என்னவோ ஹாரன் அடித்துவிட்டால் என் கடமை முடிந்துவிட்ட மாதிரி. மிச்சம் அவர் பொறுப்பு மாதிரி.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அப்பா அந்த வருஷத் திராட்சைப் பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். கேஸ் இல்லை. தாத்தா ஆறு மாசத்தில் எழுந்தார், கம்போடு. தோட்டத்துக்குப் போவது நின்றது. மாட்டை விற்றார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தோட்டம். நடுவில் இருபது அடி. அதற்குப் பிறகு அவர் அந்த இருபது அடியைத் தாண்டவே இல்லை.

இந்தியாவில் 2022-ல் ரோட்டு விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் வண்டி எதிலும் ஏறாமல், பாட்டுக்கு நடந்து போனவர்கள் 32,825. ஐந்தில் ஒருவர். இந்தக் கணக்கில் என் தாத்தா வரமாட்டார். கால் மட்டும் போனவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த முப்பத்திரண்டாயிரத்திலும் பலருக்குக் கடைசியாகக் காதில் விழுந்தது ஒரு ஹாரனாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலையில் ஒரு ஆயா லாட்டரிக் கட்டோடு நடந்தார். ஏழெட்டு வண்டி அவருக்காக வளைந்தது. அதில் ஒருவன்கூட 'அந்தக் கிழவிக்குக் காது கேட்குமா' என்று யோசித்திருக்க வேண்டியதில்லை. கண் தெரிந்தது, கையில் பிரேக் இருந்தது, போதும்.

நெற்றியை எடுத்தபோது மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா வேண்டுன இவ்ளோ நேரம்?"

"லாட்டரிடா" என்றேன்.

விழவில்லை.

* * *

ஊர் திரும்பிய இரண்டாம் நாள், அரைக் கிலோ வியட்நாம் காபித்தூளோடு தாத்தா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறேன். திண்ணையில் அவர் இருந்தால் பைக்கை வேகமாக விட்டிருக்கிறேன். உள்ளே போனதில்லை.

எண்பதைத் தாண்டிவிட்டார். திண்ணையில் சாய்ந்திருந்தார். மருமகள் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு ஒரு விநாடி தயங்கினார். அப்புறம், "வாங்க தம்பி" என்றார்.

"யாருத்தா வந்திருக்கிறது?"

நான் காதருகில் போய், அப்பா பெயரைச் சொல்லி, "அவர் மகன் தாத்தா!" என்று கத்தினேன்.

"அட, வாய்யா! எங்க ஆளையே காங்கல?"

"வெளிநாடு போயிருந்தேன் தாத்தா. வியட்நாம்!"

"வீரபாண்டியா? திருவிழா சித்திரையிலல்ல வரும்... இப்ப என்ன?"

வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தன. நான் விளக்கப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அங்கேயும் அம்மன் கோயில்தான், அங்கேயும் கூட்டம்தான். பெரிய தப்பு ஒன்றுமில்லை.

"ஆமா தாத்தா! மாரியம்மன் கோயிலு!"

"ஆத்தாளைப் பாத்தியா? நல்லது. கூட்டமோ?"

"சரியான கூட்டம் தாத்தா! பூராம் மோட்டார் சைக்கிளு!"

மோட்டார் சைக்கிள் என்றதும் அவர் கை தானாக இடது முழங்காலுக்குப் போனது. எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று குனிந்தேன். "தாத்தா... அன்னைக்கு நான் பிரேக்குப் பிடிச்சிருக்கணும். பாத்தேன் தாத்தா. பாத்தும் பிடிக்கல."

எவ்வளவு கேட்டதோ தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பை எடுத்தார்.

"கையக் கொடு. தோட்டத்தைப் பாத்து நாளாச்சு."

மருமகள் பதறினார். அவர் கேட்கவில்லை. (கேட்காது என்பது சில சமயம் வசதி.) நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டு ஓரம் வந்தோம். வலப்பக்கம் பார்த்தேன், இந்தத் தடவை சரியான பக்கம். தூரத்தில் ஒரு லோடு ஆட்டோ. எனக்குப் படபடவென்றது. தாத்தா இறங்கிவிட்டார். ஓடவில்லை. கம்பு, கால், கம்பு, கால். ஒரே சீராக.

பாதி ரோட்டில் ஆட்டோக்காரன் ஹாரனில் கை வைத்தான். நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, வண்டியை நிறுத்தியேவிட்டான்.

இருபது அடி. பந்தலுக்குக் கீழே போய், தாத்தா ஒரு திராட்சைக் குலையைத் தூக்கிப் பார்த்தார். "மருந்து பத்தல" என்றார். மகனைத் திட்ட விஷயம் கிடைத்த சந்தோஷம் முகத்தில்.

அவ்வளவுதான் கதை. என் கணக்கு டாலி ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆகவில்லை. ஒரு சின்ன வரவு வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அந்த வளைவு வந்தால் என் பைக் இருபதுக்கு இறங்கிவிடுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு என்மேல் பயங்கரக் கோபம். எப்படித் தெரியும் என்கிறீர்களா?

ஹாரன் அடிக்கிறார்களே!